மூன்றாவது சங்கு

எந்த லென்ஸ் போட வேண்டும், ஆலைக்குள்ளே எத்தனை விளக்கு கட்ட வேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள். அதெல்லாம் உங்களுக்கே நன்றாகத் தெரியும், என்னைவிடக் கூடுதலாகவே தெரியும். நான் வேலைக்கு இருந்த காலம் முழுக்கச் செய்தது வேறு. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு ஆலைக்குள் படம் பிடிக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவேன். படமும் கெடாமல், ஆலையும் நிற்காமல், ஒருத்தருக்கும் கையோ காலோ வேலையோ போகாமல் வெளியே கூட்டிக்கொண்டு வருவேன். விளம்பரப் படமானாலும் சரி, காலண்டருக்கு எடுக்கிற போட்டோவானாலும் சரி, அதுதான் என் சோலி. அதை நான் நன்றாகவே செய்தேன். இதில் அடக்கமாகப் பேச எனக்குத் தெரியாது.

ஸ்டூடியோவில் நீங்கள் ராஜா. கை தட்டினால் வெயில் வரும், கை காட்டினால் மழை நிற்கும். ஆலையில் நீங்கள் விருந்தாளி. முதலாளி உங்களை அழைத்திருப்பார். ஆனால் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிற ஆள் அழைக்கவில்லை. இதை மறந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை குழித்துறைப் பக்கம் ஒரு முந்திரி ஆலைக்குப் போயிருந்தோம். கொட்டை உடைக்கிற பெண்கள் கையெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு வந்த போட்டோக்காரர், "கை அழுக்கா தெரியுது, கழுவிட்டு வரச் சொல்லுங்க" என்றார். கொட்டைத் தோட்டில் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் வெந்து போகும், அதற்குத்தான் சாம்பல். "முதல்ல நீங்க கையக் கழுவிட்டு வந்து ஒரு படி கொட்டை உடைங்க சார், அப்புறம் அவங்களக் கழுவச் சொல்றேன்" என்றேன். அந்தப் பெண்கள் சிரித்த சிரிப்பில் எங்களுக்கு நல்ல போட்டோ கிடைத்தது. சாம்பல் கையோடுதான் எடுத்தோம். இந்த மாதிரி விவகாரம் எல்லாம் வாயால் முடிந்துவிடும். வாயால் முடியாத ஒன்று எனக்கு ஒரு ஓட்டுக் கம்பெனியில் வந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன்.

திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் எங்கள் தாலுகாக்கள் இருந்த காலம். நாகர்கோவிலில் இருந்து இராஜாக்கமங்கலம் போகிற வழியில், பாதையை விட்டு விலகி ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே இருக்கிறவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஊருக்கு மேலே பெரிய குளம். குளத்துக்குப் பக்கத்தில் கூரைக்குப் போடுகிற ஓடு செய்யும் கம்பெனி. நடுவிலே ஒரே ஒரு தெரு, அது கம்பெனி வாசலில் தொடங்கிக் குளத்தங்கரையில் போய் முடியும். கரைக்குக் கீழே வயல். கொட்டகைகளில் படம் தொடங்குமுன் போட்டுக் காட்ட ஒரு சின்ன விளம்பரப் படம் வேண்டும் என்று கம்பெனி முதலாளி ஆசைப்பட்டார். மெட்ராஸில் இருந்து ஒரு டைரக்டரும் ஒரு கேமராமேனும் வேனில் வந்து இறங்கினார்கள். சத்தம் பதிகிற கேமரா இல்லை. படத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போய், குரலும் சங்கீதமும் மெட்ராஸில் சேர்ப்பார்கள்.

படம் பிடிக்கப் போகுமுன் நான் ஒரு தடவை தனியாகப் போய்ச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். அப்போதே அங்கே ஒரு விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கம்பெனிக்கு வேண்டிய களிமண்ணைக் கோடையில் அந்தக் குளத்தில்தான் வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பதிலாக ஊர்க்காரர்கள் ஒன்று கேட்டு வாங்கியிருந்தார்கள். கம்பெனிக் கூரைமேல் ஆவியில் ஊதுகிற சங்கு ஒன்று உண்டு. காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும் ஒவ்வொரு முறை ஊதும், அது வேலை நேரத்துக்கு. மழைக்காலத்தில் குளத்தங்கரைக்கு ஆபத்து என்றால் மூன்று முறை ஊத வேண்டும். மூன்று கேட்டால் வீட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியும் மண் சுமக்கிற கடவமும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடி வர வேண்டும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிட வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு அது.

எங்கள் டைரக்டருக்கு அந்தச் சங்கின்மேல் கண் விழுந்துவிட்டது. சத்தம் அவருக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது ஆவி. சங்கு ஊதும்போது கூரைமேல் வெள்ளை வெளேரென்று ஆவி எழும்பும், கீழே வாசல் திறந்து ஆட்கள் சாப்பாட்டுக்கு வெளியே வருவார்கள், அதோடு படம் முடியும். நல்ல யோசனைதான், நானே பாராட்டினேன். பாராட்டிவிட்டுச் சொன்னேன்: "மதியச் சங்கு ஒண்ணுதான் சார். கிடைச்சா எடுத்துக்கங்க. கிடைக்கலன்னா நாளைக்கு மதியம் மறுபடி ஊதும். ரெண்டாவது கேக்கக் கூடாது." மூன்று ஊதினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். படக்காரர் தலையாட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

ஐப்பசி மாதம். குளம் கரை முட்டி நின்றது. அன்றைக்கு மதியம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. நான் வெளியே ரோட்டில் மாட்டு வண்டிகளை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், படத்துக்குள் வண்டி வந்து விழக் கூடாது என்று. சங்கு ஊதிற்று. ஆட்கள் வெளியே வந்தார்கள். சரி, முடிந்தது என்று வண்டிக்காரர்களை விட்டேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அந்த ஆட்களே திரும்ப உள்ளே போகிறார்கள். இரண்டாவது சங்கு ஊதிற்று.

ஓடினேன். வாசல் வழியாகப் போனால் கேமராவில் விழுவேன் என்று பழக்கத்தில் பின்புறமாகச் சுற்றி ஓடினேன் பாருங்கள், அந்தப் பழக்கத்தை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன். சூளையைச் சுற்றி, உடைந்த ஓடுகளைக் கொட்டி வைத்திருக்கிற குவியலைத் தாண்டி, பாய்லர் இருக்கிற அறைக்குள் நான் நுழையவும் செல்லையா சங்குக் கயிற்றை இழுக்கவும் சரியாக இருந்தது. மூன்றாவது சங்கு.

செல்லையா பாய்லர் பார்க்கிற ஆள். ஆறடி உயரம், அதிகம் பேசாத மனுஷன். கரைக்குக் கீழே முதல் வீடு அவருடையது. காலையில்தான் கம்பெனி மானேஜர் அவரிடம், "இவுக என்ன சொல்லுகாவளோ அதச் செஞ்சு குடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் செய்தார். முதல் தடவை வெயிலை மேகம் மறைத்துவிட்டதாம், இரண்டாவது தடவை ஒரு ஆள் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டானாம். டைரக்டர் ஆள் அனுப்பி "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றிருக்கிறார்.

"செல்லையா, என்ன காரியம் பண்ணிட்டியரு! மூணு ஆயிட்டே!" என்றேன்.

அவர் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சேத்து ஊதல்லியே சார். நல்லா எடைவெளி விட்டுத்தான்லா ஊதுனேன். கரைக்கு ஊதுகதுன்னா மூச்சு விடாமல்லா ஊதணும்?"

அவர் கணக்கு சரிதான். ஆனால் வயலில் குனிந்து நிற்கிறவன் இடைவெளியை எண்ணுவானா? மழைக்காலத்தில் காற்றோடு வருகிற சங்கில் அவன் காதில் விழுவது ஒன்று, இரண்டு, மூன்று, அவ்வளவுதான்.

வாசலில் டைரக்டர் குதித்துக்கொண்டிருந்தார். "பிரமாதம்! இதுதான் டேக்!" என்றார். அந்த மூன்றாவது டேக்கைப் பிற்பாடு திரையில் போட்டுப் பார்த்தோம். கூரைமேல் ஆவி அழகாக எழும்புகிறது. கீழே ஆட்கள் சிரித்துக்கொண்டு வருகிறார்கள். பின்னால் தூரத்தில், வரப்புமேல் ஜனங்கள் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு உயிர் போகிற ஓட்டம் ஓடுகிறார்கள்.

ஊரே கரையில் கூடிவிட்டது. ஆணும் பெண்ணும், சேற்றுக் காலோடும் ஈரத் துணியோடும். கரைக்கு ஒன்றுமில்லை என்று கண்டதும் அத்தனை பேரும் கம்பெனி வாசலுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் தங்கம்மை. தெரு நடுவில் மீன் வாங்கி விற்கிறவள், அந்தத் தெருவில் அவள் குரல் எழும்பினால் மற்றவர்கள் குரல் தானே தணியும். அவள் இடுப்பில் கடவம் இருந்தது, தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"எங்க ஓய் ஒடைப்பு? எங்க? நெல்லுப் பெட்டிய எல்லாம் மச்சில ஏத்திப் போட்டுட்டு, கெடயில கெடக்க மாமியாரத் தூக்கி அடுத்த வீட்டு மாடியில கெடத்திட்டு ஓடி வாறேன். இஞ்ச என்னண்ணா படம் புடிக்கியளா படம்?"

டைரக்டர் கைகூப்பிக்கொண்டு, "சின்னத் தப்பு நடந்துடுச்சும்மா, பெரிசு பண்ணாதீங்க" என்றார். அவருடைய வெள்ளைக் காலுசட்டையைத் தங்கம்மை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாங்க பெருசு பண்ணல்ல. இனி ஒண்ணும் பண்ணவும் மாட்டோம். இந்தச் சங்கு இனி மூணு இல்ல, முப்பது ஊதுனாலும் எனக்க வீட்டுல இருந்து ஒரு குஞ்சு வராது. படத்துக்குத்தான் ஊதுகானுவண்ணு பாயப் போட்டுப் படுப்போம், கேட்டியளா?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வடக்கே மலையைப் பார்த்தேன். மலை இருந்த இடமே தெரியவில்லை, கறுத்துக் கிடந்தது. கரை உடைந்தால் அந்தத் தெருவில் ஒரு வீடு மிஞ்சாது. நட்டு வேர் பிடித்த பயிர் ஒன்று மிஞ்சாது. அதைக் காப்பாற்ற அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு சங்கு. அந்தச் சங்கைத்தான் நாங்கள் பொய் சொல்ல வைத்திருக்கிறோம். இதைவிட இரண்டு பேருக்குக் கை ஒடிந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயாவது சரி பண்ணலாம் என்று தோன்றிற்று.

அதற்குள் மானேஜர் வந்துவிட்டார். பொல்லாதவர் அல்ல, ஆனால் கூட்டத்தைக் கண்டால் பயம். பயந்தவர்கள் செய்கிற காரியத்தை அவரும் செய்தார், கைக்கு எட்டியவனைப் பிடித்தார். "ஏலே செல்லையா, ஒனக்கு புத்தி கெட்டுப் போச்சா? நாளைல இருந்து நீ வராண்டாம், வீட்டுல இரி" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? பல பேர் வாயை மூடிக்கொண்டு கேமராவை மூட்டை கட்டுவார்கள். ஆலையின் உள் விவகாரம், நமக்கென்ன என்பார்கள். அது உள் விவகாரம் இல்லை. நம்மால் வந்தது.

"மானேஜர் சார்," என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த ஆளு சொந்தப் புத்தியில ஊதல்ல. எங்க ஆளு சொல்லி ஊதுனாரு. எங்க ஆளு சொல்லுகதக் கேக்கணும்ணு காலம்பற சொன்னது நீங்க. இவர வீட்டுக்கு அனுப்புகதுண்ணா நான் இப்பமே வேனக் கெளப்புகேன். முதலாளிக்குப் படம் ஏன் வரல்லண்ணு நீங்களே சொல்லிக்கிடுங்க."

மானேஜர் வேனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில், ஆள் இருக்கட்டும், ஆனால் தான் நேரில் நின்று சொல்லாமல் செல்லையா அந்தக் கயிற்றைத் தொடவே கூடாது என்று முடித்தார். அது ஒரு அரைகுறைத் தீர்ப்பு. அன்றைக்கு அதுவே போதும் என்று விட்டேன். பிறகு ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினேன்.

"தங்கம்மை, ஒரு வாக்கு தாறேன். நாங்க இந்த ஊர விட்டுப் போகது வரைக்கும் இந்தச் சங்குல ஒரு படமும் கெடையாது. இனி மூணு ஊதுனா, கரையில மொதல்ல மண்ணு சொமந்துட்டு நிக்கது நாங்க."

"ஆரு, நீங்களா?" அவள் டைரக்டரைக் காட்டினாள். "இந்த வெள்ளக் காலுசட்டையா? நல்லா சொமப்பாரு, போங்க!"

மறுபடியும் சிரிப்பு. சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். நான் டைரக்டரைத் தனியே கூட்டிக்கொண்டு போய் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது, எழுதினால் அச்சுக்காரர் கோபிப்பார். கடைசி வரியை மட்டும் சொல்கிறேன். "வேலை செய்யுற ஆளுகிட்ட நேரா நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாது சார். அவன் மாட்டேன்னு சொல்ல முடியாத இடத்துல நிக்கிறான். நீங்க கேட்டா அது கேள்வி இல்ல, உத்தரவு." அவர் முகம் செத்துப்போயிற்று. கெட்ட மனிதர் இல்லை, நல்ல படத்துக்கு ஆசைப்பட்ட மனிதர். ஆலைக்குள் அந்த ஆசைதான் பெரிய ஆபத்து.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. வெளியே எடுக்க முடியாது. உள்ளே சூளையில் சுடாத பச்சை ஓட்டைத் தட்டில் அடுக்குகிற பெண்களை எடுத்துக்கொண்டிருந்தோம். மானேஜர் கம்பெனிக் காரியமாகக் கோட்டாறு போயிருந்தார். மதியச் சங்கை மட்டும் போகுமுன் சொல்லிவைத்துவிட்டுப் போனார். மதியம் கழிந்து, மழை இன்னும் வலுத்தது. அப்போதுதான் குளத்துக் காவல்காரர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"பழைய மடைக்கிட்ட கரை ஊறுகு! வெள்ளம் கலங்கி வருகு! சங்கப் புடியும், செல்லையா, சங்கப் புடியும்!"

தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரையின் மண் உள்ளே கரைகிறது என்று அர்த்தம். இது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

செல்லையா கயிற்றுக்குக் கீழே நின்றார். கை பாதி தூரம் மேலே போயிற்று, நின்றது. "மானேஜர் சார் வரட்டும்..." என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என்ன சொல்ல! சொந்த வீடு கரைக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்குள் பெண்டாட்டி இருக்கிறாள். இழுத்தால் வேலை போகும், இழுக்காவிட்டால் வீடு போகும். நான் ஒரு வார்த்தை சொன்னால் இழுத்துவிடுவார். நாளைக்கு மானேஜர் கேட்டால், "படக்காரரு சொன்னாரு" என்று நேற்று நின்ற அதே இடத்தில் போய் நிற்பார். நேற்று டைரக்டர் செய்த அதே காரியத்தை இன்றைக்கு நான் செய்கிறேனா?

நான் சொல்லவில்லை. நானே போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

இழுத்தால் சங்கு முனகிற்று, ஊதவில்லை. "தொங்குங்க சார்! ஒடம்ப விட்டுத் தொங்குங்க!" என்று செல்லையா அலறினார். காலை மடக்கித் தொங்கினேன். அப்போது ஊதிற்று பாருங்கள், என் பல்லெல்லாம் ஆடிற்று. ஒன்று. மூச்சு விடாமல் இரண்டு. மூன்றாவதுக்கு என் கைக்கு மேலே இன்னொரு கை வந்து விழுந்தது. செல்லையாவின் கை. "விடுங்கவே" என்று என்னை ஒதுக்கிவிட்டு மூன்றாவதை அவரே இழுத்தார். அப்படி ஒரு சங்கை நான் அதற்கப்புறம் கேட்டதில்லை.

வாசலுக்கு ஓடி வந்து தெருவைப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை.

மழையில் தெரு காலியாகக் கிடந்தது. ஒரு வீட்டுக் கதவு திறந்தது. ஒருவர் தலையை நீட்டிப் பார்த்தார், "படம் புடிக்கானுவடே" என்று உள்ளே பார்த்துச் சொன்னார், கதவைச் சாத்திக்கொண்டார். சங்கு பொய் சொன்ன ஊரில் நிஜத்தை எப்படிச் சொல்வது?

"கடவத்தை எடுங்க! உடைஞ்ச ஓட்டை அள்ளுங்க! வேன்ல களிமண்ணை ஏத்துங்க!" என்று கத்தினேன். ஓடு அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் உட்பட எல்லோரும் ஓடினார்கள். அந்த நேரத்தில்தான் கேமராமேன் கேமராப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் கண் பளபளத்தது. "சார், கரை உடையுற காட்சி! இந்த மாதிரி ஒண்ணு நம்ம ஜென்மத்துல கிடைக்காது!" என்றார்.

உண்மை. கிடைக்காதுதான். எனக்கும் அந்த ஆசை ஒரு நொடி வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி தெருவில் இறங்கினால் நாங்கள் என்ன கத்தினாலும் ஊர் நம்பாது. நேற்றுச் சங்கு ஊதியபோதும் கூடவே இருந்தது அந்தப் பெட்டிதான்.

"உள்ள வச்சுப் பூட்டு" என்றேன்.

"சார்..."

"பெட்டிய உள்ள வச்சுப் பூட்டுடா! அதைக் கண்டா ஒரு ஆளு வரமாட்டான்!"

அவர் வாயைத் திறக்குமுன் டைரக்டர் பெட்டியைப் பிடுங்கி அலுவலக அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உடைந்த ஓடு நிறைந்த ஒரு கடவத்தை இரண்டு கையாலும் தூக்கித் தலையில் வைத்தார். வைக்கத் தெரியவில்லை, பாதி ஓடு கீழே கொட்டிற்று. மீதியோடு தெருவில் ஓடினார். வெள்ளைக் காலுசட்டை முழங்கால் வரை சேறு. ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, மற்றதையும் உதறிவிட்டு ஓடினார். அவருக்குப் பின்னால் கேமராமேன், அவருக்குப் பின்னால் நான், செல்லையா, கம்பெனிப் பெண்கள், கடைசியில் களிமண் ஏற்றிய வேன்.

தங்கம்மை வாசலில் நின்று பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. அவள் பார்த்தது எங்கள் கைகளை.

"ஏட்டி! படக்காரனுவளுக்க கையில பெட்டியக் காணல்லட்டி!" என்று அடுத்த வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "கடவந்தாம்ட்டி இருக்கு! நெசந்தாம்ட்டி! ஏலே, எறங்குங்கலே! கரை போகுலே!"

அந்தத் தெருவில் அவள் குரலுக்கு மேலே சங்கு எதற்கு! கதவுகள் படபடவென்று திறந்தன. மம்பட்டி வந்தது, சாக்கு வந்தது, தென்னை மட்டை வந்தது. நாங்கள் கரையில் கால் வைக்குமுன் எங்களைத் தாண்டிக்கொண்டு பத்திருபது பேர் ஓடினார்கள். நான் கொடுத்த வாக்குப்படி முதலாவதாகக் கரையில் நிற்க முடியவில்லை என்று பிற்பாடு டைரக்டருக்கு ஒரு வருத்தமே இருந்தது.

கரையை எப்படி அடைத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் தொழில், அதை விவரிக்க எனக்குத் தகுதி இல்லை. மட்டையை இறக்கச் சொன்னார்கள், இறக்கினோம். உடைந்த ஓட்டைக் கொட்டச் சொன்னார்கள், கொட்டினோம். களிமண்ணை மிதிக்கச் சொன்னார்கள், டைரக்டரும் கேமராமேனும் தோளோடு தோள் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள். பொழுது சாயும்போது கசிவு தெளிந்து வந்தது. பிறகு நின்றது. காவல்காரர் குனிந்து அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "போதும் மக்கா" என்றார். செல்லையா கரையிலேயே உட்கார்ந்து, கீழே தெரிந்த தன் வீட்டைப் பார்த்து அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் அழுததை யாரும் பார்க்காத மாதிரி நடந்துகொண்டோம்.

கோட்டாறில் இருந்து மானேஜர் வந்து சேர்ந்தார். கரையில் ஊரே சேறாக நிற்பதைப் பார்த்தார். "சங்கு ஆரு ஊதுனது?" என்று கேட்டார். பழக்கம் பாருங்கள்.

"நான்" என்றேன். "நாந்தான் சார்" என்று செல்லையாவும் எழுந்தார்.

தங்கம்மை கடவத்தைக் கீழே போட்டாள். "ஆரு ஊதுனா என்னவே? கேட்டது நாங்கல்லா! ஊதாம இருந்திருந்தா ஒமக்கக் கம்பெனில இப்பம் ஓடா இருக்கும்? மீனுல்லா நீந்தும்!"

மானேஜரே சிரித்துவிட்டார். மறுநாள் காலையில் பாய்லர் அறைக்கு அவரே வந்தார். கரைக்கு என்றால் தன்னைக் கேட்க வேண்டாம், காவல்காரர் வாய்ச்சொல் போதும் என்று செல்லையாவிடம் எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். பயந்தவர்தான், ஆனால் முந்தாநாள் எல்லோர் முன்னாலும் திட்டியதை எல்லோர் முன்னாலும் திருத்தினார். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

கரை உடைகிற காட்சியைக் கைவிட்டாயே என்று இந்தத் தொழிலில் என்னை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கை நழுவிப் போனது என்று நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. அந்தப் பெட்டி தெருவில் இறங்கியிருந்தால் நிச்சயமாக ஒரு நல்ல படம் கிடைத்திருக்கும். ஊர் போகிற படம்.

விளம்பரப் படம் மெட்ராஸில் தயாராயிற்று. சங்குக்கு எந்த டேக்கைப் போடுவது? மூன்றாவதில் வரப்பில் ஜனங்கள் ஓடுகிறார்கள், இரண்டாவதில் ஒருவன் சிரிக்கிறான். மேகம் மறைத்துவிட்டது என்று கழித்த முதலாவதையே போட்டார்கள். அதற்கு ஒரு குறையும் இல்லை. அதிலே சங்குச் சத்தத்தையும் சேர்க்கப் போனார்கள். நான் தந்தி அடித்தேன், சத்தம் வேண்டாம் என்று. டைரக்டர் உடனே ஒத்துக்கொண்டார், காரணம் கேட்கவில்லை.

அந்த ஊருக்குப் பக்கத்துக் கொட்டகையில் படத்தைப் போட்ட அன்றைக்குப் போயிருந்தேன். ஊர் முழுக்க வந்திருந்தது. தங்கம்மை முன்வரிசையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தாள். செல்லையா பெண்டாட்டியோடு பின்னால் பெஞ்சில் இருந்தார். ஓடு செய்கிறதும் அடுக்குகிறதும் சூளை எரிகிறதும் வந்தன. தெரிந்த முகம் வந்தபோதெல்லாம் பெயர் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். கடைசியில் பேசுகிற குரல் நின்றது, சங்கீதம் நின்றது. திரையில் கம்பெனிக் கூரை. வெள்ளை ஆவி மெல்ல எழும்பிற்று. ஒரு சத்தமும் இல்லை.

கொட்டகையில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். தங்கம்மை இடுப்பில் கடவத்தைத் தேடினாள். ஊதாத சங்குக்கு அந்த ஊர் எழுந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தொழிலில் நான் சம்பாதித்தது என்ன என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அப்போது பின்னால் பெஞ்சில் இருந்து, வாயே திறக்காத செல்லையாவின் குரல் கேட்டது.

"இரிங்கலே, இரிங்க! ஒண்ணுதான்லா ஆயிருக்கு. மூணாவட்டும், நானே சொல்லுகேன்."